பனியே பார்க்காத பிள்ளைக்குப் பனிக்கதை எதற்கு? – வாசகர் கேள்வி பதில்

டிசம்பர் நெருங்கினாலே குழந்தைகளுக்கு என்ன படப்புத்தகம் வாங்கலாம் என்று கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். இந்த முறை வெளிநாட்டில் இருக்கும் பெற்றோர், பள்ளி ஆசிரியர்கள், பேரப்பிள்ளைகளை வைத்திருக்கும் தாத்தா பாட்டிகள் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: எங்கள் மகளுக்கு நாலு வயது. செப்டம்பரில்தான் பள்ளியில் சேர்ந்தாள். டிசம்பர் முழுக்க வகுப்பில் கிறிஸ்துமஸ், யூதர்களின் விளக்குப் பண்டிகையான ஹனுக்கா என்றே பேச்சாக இருக்குமாம். நாங்கள் சைவக் குடும்பம், வீட்டில் கிறிஸ்துமஸ் கொண்டாடுவதில்லை. ஆனால் பிள்ளை அங்கே ஒதுங்கி நிற்கக் கூடாது என்று நினைக்கிறேன். எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்?
– வாசகி, ஸ்கார்பரோ, கனடா

பதில்: பண்டிகையை விட்டுவிட்டு முதலில் பனியில் தொடங்குங்கள். உங்கள் மகள் தினமும் ஜன்னலைத் திறந்தால் பார்க்கப்போவது அதைத்தான்.

எஸ்ரா ஜாக் கீட்ஸின் 'தி ஸ்னோயி டே' 1962-இல் வந்தது. அதில் கிறிஸ்துமஸ் மரமும் கிடையாது, பரிசுப் பொட்டலமும் கிடையாது. பீட்டர் என்று ஒரு சின்னப் பையன் காலையில் எழுந்து பார்க்கிறான், ஊர் முழுக்கப் பனி. சிவப்பு உடுப்பை மாட்டிக்கொண்டு வெளியே ஓடுகிறான். கதை இவ்வளவுதான். காலை வெளிப்பக்கம் திருப்பி நடந்து பார்க்கிறான், அப்புறம் உள்பக்கம் திருப்பி நடந்து பார்க்கிறான், தடம் எப்படி விழுகிறது என்று தெரிந்துகொள்ளத்தான். ஒரு குச்சி கிடைக்கிறது, அதை வைத்துப் பனி மூடிய மரத்தைத் தட்டினால் பொத்தென்று அவன் தலையிலேயே விழுகிறது. பெரிய பையன்கள் பனிப்பந்து எறிந்து விளையாடுகிறார்கள், அதில் சேர தனக்கு இன்னும் வயது வரவில்லை என்று அவனுக்கே புரிந்துவிடுகிறது. கடைசியில் நாளைக்கு ஆகட்டும் என்று ஒரு பனி உருண்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிறான். தூங்கப் போகும் முன் கையை விட்டுப் பார்த்தால் பை காலி. இந்த இடத்தில் எந்தப் பிள்ளையும் ஒரு நிமிடம் பேசாமல் இருக்கும், நீங்களும் பேசாதீர்கள், அவசரப்பட்டு விளக்கம் சொல்லாதீர்கள். அடுத்த பக்கத்தைத் திருப்பக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

பீட்டர் கறுப்பினச் சிறுவன். ஆனால் கதையில் எந்த வரியிலும் அது சொல்லப்படுவதில்லை, படத்தில் இருக்கிறான், அவ்வளவே. அந்தக் காலத்து அமெரிக்கப் படப்புத்தகங்களில் வெள்ளைக்காரப் பிள்ளைகள்தான் நாயகர்களாக இருந்தார்கள். போலந்திலிருந்து வந்து புரூக்ளினில் குடியேறிய யூதக் குடும்பத்துப் பிள்ளையான கீட்ஸ், 1940-இல் 'லைஃப்' பத்திரிகையில் வந்த ஒரு கறுப்பினச் சிறுவனின் புகைப்படங்களைக் கத்தரித்து எடுத்து இருபது ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்தார், அந்த முகம்தான் பீட்டர் ஆனது. 1963-இல் இதற்கு, அமெரிக்காவில் சிறந்த படப்புத்தக ஓவியத்துக்குத் தரும் கால்டெகாட் பதக்கம் கிடைத்தது. நியூயார்க் பொது நூலகம் தன் 125ஆம் ஆண்டையொட்டி 2020-இல் கணக்குப் பார்த்தபோது, அதன் வரலாற்றிலேயே அதிகம் இரவல் போன புத்தகம் இதுதான் என்று தெரியவந்தது. பெரியவர்கள் படிக்கும் புத்தகங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வகுப்பில் தன் நிறம் கொஞ்சம் வேறு என்று கவனிக்கத் தொடங்கும் வயதில் உங்கள் மகள் இருக்கிறாள், பனி எல்லாருக்கும் பொது என்பதை இந்தப் புத்தகம் ஒரு வார்த்தை பேசாமல் அவளுக்குக் காட்டிவிடும்.

படங்களை உற்றுப் பாருங்கள், பாதி சந்தோஷம் அதில்தான். பீட்டருடைய அம்மாவின் கட்டம் போட்ட உடுப்பு வரைந்தது இல்லை, அலமாரித் தட்டில் விரிக்கிற ஆயில்கிளாத்தை வெட்டி ஒட்டியது. பெரிய பெரிய பனிப்பூக்கள் ரப்பரில் வெட்டிய அச்சை வண்ணத்தில் தோய்த்துப் பதித்தவை. இரவுக் காட்சியின் சாம்பல் நிறப் பின்னணி, பல் துலக்கும் பிரஷ்ஷில் மையைத் தொட்டுத் தெறித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இது மூன்றையும் வீட்டில் செய்து பார்க்கலாம், பழைய செய்தித்தாளை மட்டும் நன்றாக விரித்துக்கொள்ளுங்கள்.

ஹனுக்கா, கிறிஸ்துமஸ் எல்லாம் அவளே பள்ளியிலிருந்து கேட்டுக்கொண்டு வருவாள். அப்போது அதற்கான புத்தகம் எடுத்தால் போதும்.

கேள்வி: சென்னையில் டிசம்பர் என்றால் மழைதான், வருஷத்துக்கு வருஷம் வெள்ளம்தான். பனியையே பார்க்காத என் பேரனுக்குப் பனிமனிதனும் கலைமானும் எதற்கு? நம் ஊர் விஷயமாகப் படித்துக் காட்டக் கூடாதா?
– வாசகர், நங்கநல்லூர்

பதில்: நம் ஊர் விஷயம் கட்டாயம் வேண்டும் ஐயா, அதைப் பற்றிக் கீழே இன்னொரு கேள்வியில் விரிவாகவே சொல்கிறேன். ஆனால் அதற்காகப் பனியைத் தள்ளிவைக்க வேண்டாம். உங்கள் பேரன் சிங்கத்தையும் காட்டில் பார்த்ததில்லை, சிங்கக் கதை கேட்கிறான்தானே.

உங்கள் வயதுக்காரர்கள் பலர் பனியை முதலில் பார்த்ததே சோவியத் புத்தகங்களில்தான். முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா என்று மாஸ்கோவில் தமிழிலேயே அச்சாகி, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் கடைகளிலும் கண்காட்சி வண்டிகளிலும் மலிவு விலைக்கு வந்த வண்ணப் புத்தகங்கள். மதுரையிலும் திருநெல்வேலியிலும் வேர்வை வழிய உட்கார்ந்து அடுப்பின் மேல் படுத்துத் தூங்கும் ரஷ்யத் தாத்தா கதையைப் படித்தவர்கள் யாரும் அது அந்நியம் என்று புத்தகத்தை மூடிவிடவில்லை.

உக்ரைன் நாட்டுப்புறக் கதை ஒன்று இருக்கிறது, கையுறைக் கதை. ஒரு தாத்தா காட்டு வழியே போகும்போது தன் கையுறை ஒன்றைப் பனியில் தவறவிட்டுவிடுகிறார். குளிர் தாங்காத ஒரு எலி வந்து அதற்குள் குடியேறுகிறது. அடுத்து தவளை வந்து இடம் கேட்கிறது, அப்புறம் முயல், நரி, ஓநாய், காட்டுப்பன்றி, கடைசியாகக் கரடி. யெவ்கேனி ரச்சேவ் என்ற ரஷ்ய ஓவியர் இதற்கு வரைந்த படங்களில் வேடிக்கை என்னவென்றால், ஒவ்வொரு பக்கத்திலும் அந்தக் கையுறை கொஞ்சம் கொஞ்சமாக வீடாகிக்கொண்டே போகும். ஏறுவதற்கு ஏணி வரும், புகைபோக்கி வரும், ஜன்னல் வரும். கதையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது, படத்தைப் பார்க்கிற பிள்ளைதான் கண்டுபிடித்துக் கத்த வேண்டும். ஒண்டுக் குடித்தன வீட்டில் விருந்தாளி வந்தால் எப்படி நகர்ந்து படுப்போம் என்று தெரிந்த நமக்கு இந்தக் கதை புரியாமல் போகுமா? ஜான் பிரெட் என்ற அமெரிக்க ஓவியர் 1989-இல் இதே கதையை 'தி மிட்டன்' என்று செய்தார், அது இப்போது எளிதாகக் கிடைக்கிறது. கதையைத் தமிழில் நீங்களே சொல்லுங்கள், உள்ளே வரும் ஒவ்வொரு மிருகத்துக்கும் ஒரு குரல் கொடுங்கள். குளிர் என்றால் என்ன என்று பேரன் கேட்டால் ஃபிரிட்ஜிலிருந்து ஒரு ஐஸ் கட்டியை எடுத்து உள்ளங்கையில் வையுங்கள்.

கேள்வி: பனிமனிதன் கதையின் கடைசிப் பக்கத்தைப் பார்த்து என் மகன் அழுதுவிட்டான். ஐந்து வயது. அந்தப் பக்கத்தைக் காட்டாமல் மூடிவிடலாமா?
– வாசகி, பெங்களூரு

பதில்: நீங்கள் சொல்வது ரேமண்ட் பிரிக்ஸின் 'தி ஸ்னோமேன்' என்று எடுத்துக்கொள்கிறேன். 1978-இல் வந்தது, ஒரு வார்த்தைகூட இல்லாமல் வண்ணப் பென்சில் படங்களாலேயே சொன்ன கதை. சிறுவன் பனிமனிதன் செய்கிறான், இரவில் அது உயிர் பெற்று வீட்டுக்குள் வருகிறது, பிறகு அவனைக் கூட்டிக்கொண்டு வானில் பறக்கிறது. விடிந்து ஓடிப்போய்ப் பார்த்தால் தொப்பியும் கழுத்துத் துணியும்தான் கிடக்கின்றன.

மூடாதீர்கள். பிரிக்ஸிடம் இதைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் பனிமனிதன் உருகும், பூ வாடும், பெற்றோரும் ஒருநாள் இறந்துபோவார்கள், இது இயற்கைதான் என்ற ரீதியில்தான் பதில் சொல்லியிருக்கிறார். உங்கள் மகன் அழுதான் என்றால் கதைக்குள் முழுசாகப் போயிருக்கிறான் என்று அர்த்தம். பக்கத்தில் உட்கார்ந்திருங்கள், மறுநாளும் அவனே அதே புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

ஒரு விஷயம் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பலர் இதைக் கிறிஸ்துமஸ் கதை என்று நினைக்கிறார்கள். புத்தகத்தில் கிறிஸ்துமஸே கிடையாது. 1982-இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சிக்காகப் படமாக எடுத்தபோதுதான் கிறிஸ்துமஸ் தாத்தாவைச் சேர்த்தார்கள். அப்புறம், எழுத்தே இல்லாத புத்தகம் என்பதால் எந்த மொழிப் பிள்ளைக்கும் இது சொந்தப் புத்தகம். வெளிநாட்டில், ஆங்கிலப் பள்ளியில் படித்துக்கொண்டு வீட்டில் தமிழ் பேசத் தயங்கும் பிள்ளைகளுக்கு நான் முதலில் கையில் கொடுப்பது இந்த மாதிரிப் புத்தகங்களைத்தான். பக்கத்தைப் பார்த்து அவர்களே தமிழில் கதை சொல்லட்டும். நடுவில் ஆங்கில வார்த்தை வந்தால் திருத்தாதீர்கள், கதை ஓடட்டும்.

கேள்வி: சான்டா உண்மையா என்று மகள் கேட்கிறாள். ஏழு வயது.
– வாசகர், திருச்சி

பதில்: உனக்கு என்ன தோன்றுகிறது என்று திருப்பிக் கேளுங்கள், ஏழு வயதில் பெரும்பாலும் பதில் அவளிடமே இருக்கும். அதற்குப் பிறகு இதே பிரிக்ஸின் 'ஃபாதர் கிறிஸ்துமஸ்' கிடைத்தால் சேர்ந்து படியுங்கள். 1973-இல் வந்தது. அதில் வரும் தாத்தா கோடைக்காலக் கனவிலிருந்து அலுப்போடு எழுந்து, குளிரைத் திட்டிக்கொண்டே டீ போட்டுக் குடித்து, மான்களுக்குத் தீனி வைத்து வேலைக்குக் கிளம்புகிறார். ஊர் தூங்கும்போது வேலைக்குப் போகும் பால்காரர், பேப்பர் போடுகிறவர் எல்லாரையும் பற்றி அந்த வழியில் பேச்சு போகும்.

கேள்வி: நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. டிசம்பர் மாதம் உலகப் பண்டிகைகள் என்று ஒரு வாரம் நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு பண்டிகைக்கும் ஒரு புத்தகம் சொல்லுங்கள், ஆசிரியர் குறிப்போடு இருந்தால் நல்லது.
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: டீச்சர், பண்டிகையை விளக்குகிற புத்தகங்களை வாங்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நாளில் இவர்கள் இதைச் சாப்பிடுவார்கள், இப்படி விளக்கு ஏற்றுவார்கள் என்று பக்கத்துக்குப் பக்கம் தகவல் வரும். படித்து முடித்த அடுத்த நிமிடம் ஒன்றும் மனதில் நிற்காது. கதை நன்றாக இருந்தால் பண்டிகை தானாக உள்ளே வந்துவிடும்.

ஹனுக்காவுக்கு எரிக் கிம்மல் எழுதி ட்ரினா ஷார்ட் ஹைமன் வரைந்த 'ஹெர்ஷல் அண்ட் தி ஹனுக்கா காப்ளின்ஸ்'. 1989 புத்தகம். ஒரு கிராமத்து மலைமேல் இருக்கும் பழைய ஜெபாலயத்தைப் பூதங்கள் பிடித்துக்கொண்டு, யாரையும் பண்டிகை கொண்டாட விடாமல் தடுக்கின்றன. எட்டு இரவும் அங்கே விளக்கேற்றினால்தான் பூதங்கள் ஓடும். ஹெர்ஷல் என்ற நாடோடி நான் போகிறேன் என்கிறான். கையில் ஆயுதம் கிடையாது, கொஞ்சம் அவித்த முட்டை, ஒரு ஜாடி ஊறுகாய், அவ்வளவுதான். முட்டையைக் கல் என்று நம்பவைத்துக் கையில் நசுக்கிக் காட்டி ஒரு பூதத்தை மிரட்டுகிறான். இன்னொரு பூதம் ஆசை ஆசையாக ஊறுகாய் ஜாடிக்குள் கைவிட்டு, பிடித்ததை விட மனமில்லாமல் கை மாட்டிக்கொண்டு தவிக்கிறது. பூதராஜனை ஏமாற்றி அவன் கையாலேயே விளக்கேற்ற வைக்கிற கடைசி இரவுதான் உச்சம். தெனாலிராமன் கதை கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகள் ஹெர்ஷலை உடனே சொந்தமாக்கிக்கொள்வார்கள். எட்டு இரவு, தினம் ஒரு விளக்கு கூடும் என்பதெல்லாம் கதையின் முடிச்சிலேயே இருக்கிறது, நீங்கள் தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை. படங்கள் கொஞ்சம் பயமாக இருக்கும், முதல் வகுப்புக்கு வேண்டாம், மூன்றாம் வகுப்புக்கு நல்லது.

புத்தாண்டுக்கு ஜப்பானின் 'காசா ஜிசோ' கதை. ஏழைத் தாத்தா பாட்டி, புத்தாண்டுக்கு அரிசிப் பணியாரம் செய்யக்கூட வீட்டில் ஒன்றும் இல்லை. தாத்தா வைக்கோல் தொப்பிகளை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போகிறார், ஒன்றுகூட விற்கவில்லை. திரும்பி வரும் வழியில் ஆறு ஜிசோ சிலைகள் பனியில் நனைந்து நிற்கின்றன. ஜிசோ அங்கே பிள்ளைகளையும் வழிப்போக்கர்களையும் காக்கும் போதிசத்துவர், நம் ஊர் எல்லைச்சாமி போல வழியோரத்தில் நிற்பவர். கதையைப் பல விதமாகச் சொல்வார்கள். பரவலான ஒன்றில் கையில் இருக்கும் தொப்பிகள் ஐந்துதான், ஆறாவது சிலைக்குத் தாத்தா தன் தலையில் இருந்ததையே கழற்றிப் போட்டுவிடுகிறார். வெறுங்கையோடு வந்தவரைப் பாட்டி ஒரு வார்த்தை குறை சொல்வதில்லை, நல்லதுதான் செய்தீர்கள் என்கிறாள். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் அதுதான், அன்றிரவு சிலைகளே வந்து வாசலில் உணவு மூட்டைகளை இறக்குவதைவிடப் பிடித்த இடம். அகபா சுஎகிச்சி 1961-இல் மை ஓவியங்களால் செய்ததுதான் இதன் புகழ்பெற்ற படப்புத்தகம். ஐம்பது வயதில் அவர் செய்த முதல் படப்புத்தகம் அது, 1980-இல் அவருக்குக் குழந்தை இலக்கியத்துக்கான சர்வதேச விருதான ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது கிடைத்தது. அது கிடைக்காவிட்டால் கதையை வாயால் சொல்லி, படத்தைப் பிள்ளைகளை வரையச் சொல்லுங்கள். ஆறு பேரை ஜிசோவாக நிற்க வைத்தால் நாடகமே தயார்.

அறிவியல் பாடத்தோடு சேர்க்க வேண்டுமென்றால் 'ஸ்னோஃப்ளேக் பென்ட்லி'. வெர்மான்ட் மாநிலத்தின் ஜெரிகோவில் விவசாயி மகனாகப் பிறந்த வில்சன் பென்ட்லி 1885 ஜனவரி 15 அன்று ஒரு பனித்துகளை நுண்ணோக்கி வழியாகப் புகைப்படம் எடுத்தார். வாழ்நாளில் ஐயாயிரத்துக்கு மேல் எடுத்தார். மேரி அசேரியனின் மரச்செதுக்குப் படங்களோடு வந்த இந்தப் புத்தகம் 1999-இல் கால்டெகாட் பதக்கம் பெற்றது. தாளை ஆறாக மடித்து வெட்டிப் பனிப்பூ செய்வதை இதோடு வைத்துக்கொள்ளுங்கள், எட்டாக மடித்தால் தப்பு, பனிப்பூவுக்கு ஆறு கைதான்.

கேள்வி: கிறிஸ்துமஸ் புத்தகம் என்று தேடினால் பனி, புகைபோக்கி, கணப்பு என்றே வருகிறது. எங்கள் தெருவில் நட்சத்திரம் தொங்கும், குடில் வைப்போம், ராத்திரி கேரல் வரும். இதெல்லாம் வருகிற படப்புத்தகம் இல்லையா?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: கடையில் தேடிக்கொண்டே இருப்பதைவிட நீங்களே ஒன்று செய்யுங்கள் என்று சொல்வேன். முழு மனதோடுதான் சொல்கிறேன், இது எல்லாராலும் முடிகிற வேலை.

படப்புத்தகங்களில் பெரும்பாலானவை 32 பக்கம். பெரிய தாளில் அச்சடித்து மடித்து வெட்டும்போது எட்டின் மடங்கில் பக்கம் வருவதால் அந்தக் கணக்கு. வீட்டுக்கு அதில் பாதி போதும். ஏ4 தாள் நாலை ஒன்றாக வைத்து நடுவில் மடியுங்கள், மடிப்பில் மூன்று துளை போட்டு ஊசி நூலால் தைத்துவிடுங்கள். 16 பக்கம் கிடைக்கும். முன் அட்டை, பின் அட்டை போக, விரித்தால் எதிரும் புதிருமாக ஏழு விரிபக்கம். ஒரு விரிபக்கத்துக்கு ஒரு வாக்கியம், அதற்கு மேல் எழுதாதீர்கள். படம் சொல்வதை எழுத்து மறுபடி சொல்லக் கூடாது.

கதை உங்கள் குடிலிலேயே இருக்கிறது. 24ஆம் தேதி நள்ளிரவு வரை குழந்தை இயேசுவின் இடம் காலியாகத்தானே இருக்கும்? அதை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் விரிபக்கத்தில் கேழ்வரகை முளைக்கப் போடுகிறார்கள், குடிலுக்குப் புல் வேண்டுமே. அடுத்ததில் அப்பா ஏணியில் ஏறி நட்சத்திரம் கட்டுகிறார், ஒயர் எட்டவில்லை. பிறகு வைக்கோல், ஆட்டு பொம்மை, போன வருஷம் கை உடைந்த இடையன். எல்லாப் பக்கத்திலும் நடுவில் அந்தக் காலித் தொட்டில் இருந்துகொண்டே இருக்கட்டும், எழுத்தில் அதைக் குறிப்பிடவே வேண்டாம். முறுக்கு சுடுவது ஒரு பக்கம், கேரல் சத்தம் கேட்டுத் தூக்கத்தில் எழுந்து வாசலுக்கு ஓடுவது ஒரு பக்கம். ஏழாவதில் கோவிலிலிருந்து வந்ததும் பிள்ளை தன் கையாலேயே சொரூபத்தை வைக்கிறது. படிக்கிற பிள்ளை ஆறு பக்கமாகக் காத்திருந்தது அங்கே நிறைவேறும். வரையத் தெரியாவிட்டால் பழைய காலண்டர், சேலை அட்டைப்பெட்டி, ஜிகினாத் தாள் எல்லாவற்றையும் வெட்டி ஒட்டுங்கள், கீட்ஸ் செய்ததும் அதைத்தான்.

நங்கநல்லூர் ஐயாவுக்கும் இதே பதில்தான். மார்கழி விடியலில் அம்மா கோலம் போட, பக்கத்தில் டார்ச் பிடித்து நிற்கும் பேரனை வைத்து ஒன்று, பொங்கலுக்குப் பானை வாங்கப் போவதை வைத்து ஒன்று. சின்னப் பிள்ளைகளுக்கு இந்த மாதங்களைப் பற்றித் தமிழில் எத்தனை புத்தகம் வந்தாலும் போதாது.

கேள்வி: நீங்கள் சொல்கிற புத்தகங்கள் எல்லாம் இறக்குமதி, விலை கட்டுப்படியாகவில்லை. வேறு வழி?
– வாசகர், மதுரை. இதே கேள்வி சென்னை, டொராண்டோவிலிருந்தும்

பதில்: எல்லாவற்றையும் வாங்க வேண்டாம். உங்கள் ஊரிலேயே 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகள் பகுதி இருக்கிறது, சென்னையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் இருக்கிறது. பிள்ளையை நேரே அழைத்துப் போங்கள், அங்கேயே உட்கார்ந்து படிக்கட்டும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம், மழை, குளிர், பண்டிகை என்று தேடிப் பாருங்கள், பிடித்ததை அச்செடுத்துத் தைத்தும் கொள்ளலாம். வாங்குவதென்றால் பொங்கலையொட்டிச் சென்னைப் புத்தகக் கண்காட்சியில் தூலிகா, தாரா போன்ற சென்னைப் பதிப்பகங்களின் புத்தகங்களை முதலில் கையில் எடுத்துப் புரட்டிப் பாருங்கள். படப்புத்தகத்தைப் புரட்டாமல் வாங்கக் கூடாது, தாளும் நிறமும் திரையில் தெரியாது.

டொராண்டோ வாசகர்களுக்கு: பொது நூலகத்தில் தமிழ்ப் பிள்ளைப் புத்தகங்களும் இருக்கின்றன. பனிக்காலப் புத்தகங்களை டிசம்பரில் தேடினால் எல்லாம் வெளியே போயிருக்கும், அக்டோபரிலேயே முன்பதிவு செய்துவிடுங்கள். தவறிவிட்டால் ஜனவரி நடுவில் போங்கள், அதற்குள் பெரும்பாலானவை தட்டுக்குத் திரும்பியிருக்கும், பனியும் அப்போதுதான் நன்றாக விழும்.